பெருவீக்கத் தபால்தலைக் கழகமும் லீஸ்பெத்தின் உறையும்

அகில ஜெர்மன் பெருவீக்கக் காலத் தபால்தலை ஆய்வுக் கழகத்தில் பதினோரு வருடமாகக் கூட்டக் குறிப்பு எழுதுகிறவள் நான். பெயர் நீளமாக இருக்கிறதே, சுருக்கலாமா என்று பார்க்க 1974இல் ஒரு துணைக்குழு போட்டார்கள். அந்தத் துணைக்குழு இன்னும் கூடிக்கொண்டிருக்கிறது. நானும் அதற்குக் காபி ஊற்றிக்கொண்டிருக்கிறேன்.

கழகம் பிறந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். 1923இல் விலைவாசி வீங்கி எங்கள் நாட்டுப் பணத்துக்குப் பேதி கண்டது. ஆகஸ்டு மாதம் ஆயிரம் மார்க் தலை ஒட்டினால் ஊர் விட்டு ஊர் போன கடிதம், நவம்பர் கடைசியில் எட்டாயிரம் கோடி மார்க் கேட்டது; உள்ளூர்க் கடிதம் அதில் பாதி. அச்சகம் ராப்பகலாகத் தலை அடித்தது. மை காய்வதற்குள் விலை தாண்டிப் போய்விடும். சில தலைகளுக்கு ஆயுள் நாலே நாள். அந்த நாலு நாளுக்குள் கடிதத்தில் ஒட்டப்பட்டு முத்திரை வாங்கிய தலைக்கு இன்று ஏகப்பட்ட கிராக்கி. முத்திரை வாங்காமல் தப்பித்த தலையைச் சீந்த ஆளில்லை. ஆகவே, பழைய தலையில் புதிதாகப் பழைய தேதி முத்திரை குத்தும் தொழில் ஒன்று கிளம்பியது. அந்தத் தொழிலைப் பிடிக்கக் கழகம் கிளம்பியது. இரண்டும் ஒன்றையொன்று நம்பி நன்றாகவே நடக்கின்றன.

காஸல் நகரில் ஒரு பீர் விடுதியின் பின்னறையில், மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை மாலை மூன்று மணிக்குக் கூட்டம். தலைவர் டாக்டர் ப்ரோமல், பல் மருத்துவர். தபால்தலையை இடுக்கியால் தூக்கி விளக்கடியில் பார்க்கும்போது "கொஞ்சம் பெரிசா திறங்க" என்று வாய் தவறிச் சொல்லிவிடுவார். ஆண்டுவிழாவில் அவர் ஆற்றும் உரை எனக்கு மனப்பாடம்.

"நண்பர்களே! 1923 இந்த நாட்டுக்கு வந்த பெரிய சோதனை. என் தாத்தா நாப்பது வருஷச் சேமிப்பை ஒரே இலையுதிர் காலத்துல இழந்தாரு. அதே இலையுதிர் காலத்துத் தலை என்கிட்ட முழு வரிசையா இருக்கு. ஆகவே குடும்பத்துக்கு நஷ்டம் இல்லை. என் மனசை அரிக்கிற துக்கம் வேற. டிசம்பர்லயே பணத்தைச் சரி பண்ணித் தொலைச்சிட்டாங்க! அவசரக்காரங்க! இன்னும் ஒரே ஒரு வருஷம் மக்கள் பொறுத்திருந்தா எத்தனை அபூர்வ வகைகள் கிடைச்சிருக்கும்!"

உறுப்பினர்கள் மேசையைத் தட்டுவார்கள். நான் "பலத்த கரவொலி" என்று எழுதுவேன்.

இந்த இடத்துக்குத்தான் அல்வின் ஹாகெடோர்ன் வந்து சேர்ந்தார். 1982 அக்டோபர். எழுபத்தொன்பது வயது. ஊல்மென்பாக் கிராமத்துத் தபால் ஆபீசில் வாழ்நாள் முழுக்க ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர். மனைவி லீஸ்பெத் இறந்து இரண்டு வருடம். பிள்ளை குட்டி கிடையாது. முதியோர் இல்லத்தில் ஓர் அறை. தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு என் மேசை முன்னால் நின்றார்.

"அம்மா, இங்கதான் நிஜம்னு எழுதித் தருவாங்களாமே?"

"எது நிஜம்னுங்க?"

"என் பெண்டாட்டி எழுதின கவரு."

கோட்டின் உள்பையிலிருந்து, ஒரு சமையல் புத்தகத்தின் அட்டைக்குள் வைத்திருந்த உறையை எடுத்தார். இரண்டு பக்கமும் தபால்தலை. இருபது. ஒவ்வொன்றும் ஐம்பது கோடி மார்க். மிச்சமிருந்த மூலையில் பொடி எழுத்தில் அவர் பெயர். பின்பக்கம், இரண்டு தலைகளுக்கு நடுவே அதைவிடப் பொடியாக 'லீஸ்பெத்'.

"பக்கத்து ரூம்ல ஒருத்தர் இருந்தாரும்மா. காலையில செத்தாரு. மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள ரூமைக் காலி பண்ணிட்டாங்க. போட்டோ, கடுதாசி, எல்லாம் குப்பை வண்டியில. என்கிட்ட வேற ஒண்ணும் இல்ல. இது மட்டும் அப்படிப் போயிடக் கூடாது. எங்க ஊர் மியூசியத்துல கேட்டேன், கண்ணாடிப் பெட்டியில வைக்கிறோம்னாங்க. ஆனா நிஜம்னு உங்க சர்டிபிகேட் வேணுமாம்."

ஊல்மென்பாக் அருங்காட்சியகம் என்பது ஒரே அறை. ஓர் ஏர், ஒரு தீயணைப்புக்காரரின் தலைக்கவசம், ஒரு காலிக் கண்ணாடிப் பெட்டி. அந்தக் காலிப் பெட்டிக்குத்தான் இத்தனை சான்றிதழ். எங்கள் நாட்டில் காலிப் பெட்டியைக்கூட நிரூபணமில்லாமல் நிரப்ப முடியாது.

"நிஜம்தானான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று படிவத்துக்காகக் கேட்டேன்.

"சீல் அடிச்சதே நான்தானே அம்மா!"

எனக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு லேசான வேலை கழகத்துக்கு இதுவரை வந்ததேயில்லை என்று நினைத்தேன். இத்தனை வருடம் வேலை பார்த்தும் புத்தி வரவில்லை எனக்கு.

முதல் சிக்கல், உறுப்பினர் அல்லாதவர் உறையை ஒப்படைக்க முடியாது. உறுப்பினராக வேண்டுமானால் விதிப்படி அமைந்த நூறு தலைகள் கொண்ட சேகரிப்பு வேண்டும். கிழவர் மறுபேச்சுப் பேசாமல் ஓர் ஆல்பமும், சந்தையில் கொட்டிக் கிடக்கும் முத்திரை வாங்காத தலைகள் நூறும் வாங்கிப் போனார். டிசம்பர் கூட்டத்தில் ஆல்பத்தைப் பெருமையாக நீட்டினார்.

நூறு தலைகளையும் நாக்கால் நக்கி ஆல்பத்தில் அழுத்தி ஒட்டியிருந்தார்.

பொருளாளருக்குத் தலை சுற்றியது, அவருக்கு முன்னறையிலிருந்து ஒரு கோப்பை சாராயம் வரவழைத்தோம். பின்பக்கப் பசையை மூக்கால் முகர்ந்து வயது சொல்லும் கூட்டம் அது.

"என்னய்யா பண்ணியிருக்கீங்க?" என்றார் தலைவர்.

"ஒட்டியிருக்கேன்" என்றார் ஹாகெடோர்ன். "ஒண்ணுகூடக் கோணல் இல்ல பாருங்க. ஒட்டுறதுக்குத்தானே பின்னால பசை வச்சிருக்கு?"

அந்தக் கேள்விக்கு அறுபது வருட ஆய்வு நூல்களில் பதில் இல்லை. ஆறு மாதத் தகுதிகாண் காலம் விதித்தார்கள். அவர் மறுபடி நூறு தலை வாங்கினார். இந்த முறை இடுக்கி பிடிக்கக் கற்றுக்கொண்டார். தபால்தலையைத் தொடாமல் இருப்பது எப்படி என்று ஒரு தபால்காரருக்குப் பல் டாக்டர் பாடம் எடுத்தார்.

ஜூலையில் உறுப்பினர் ஆனார். அவர் விவகாரம் அலுவல் பட்டியலில் ஒன்பதாவதாக, 'இதர' என்பதன் கீழ் வந்தது. எங்கள் கூட்டம் எட்டாவதைத் தாண்டுவது அபூர்வம். ஆகஸ்டில் பிறந்தநாள் வாழ்த்துகளே ஐந்து மணி வரை ஓடின. செப்டம்பரில், ஆண்டுவிழாவுக்குப் பிளம்ஸ் கேக்கா, கசகசா கேக்கா என்று வாக்கெடுப்பு. சமமாக விழுந்தது. அக்டோபரில் மறு வாக்கெடுப்பு. ஒவ்வொரு முறையும் கிழவர் பேருந்து பிடித்து வந்து, கடைசி நாற்காலியில், நெஞ்சுப் பையின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. அக்டோபரில் படியிறங்கும்போது என்னிடம் கேட்டார்.

"அம்மா, அடுத்த மாசம் ஒன்பதாவது வந்திடுமா? எங்க இல்லத்து டாக்டர் என்னை ரொம்ப நாளைக்குக் கணக்குப் போட வேண்டாம்னுட்டார்."

நவம்பர் கூட்டத்துக்கு நான் கேக்கை வேண்டுமென்றே சின்னதாக வாங்கினேன். நாலேகாலுக்கு ஒன்பதாவது வந்துவிட்டது.

உறையைத் தலைமைப் பரிசோதகர் ரூடிகர் கிளாம்ரோத் கையில் கொடுத்தார்கள். அவர் வருமான வரி அலுவலர். நல்லதை நம்பிப் பழக்கமில்லாதவர். பூதக்கண்ணாடியை எடுப்பதற்கு முன்னால் தடிமனான கையேட்டை எடுத்தார். எங்கள் கழகத்தில் அதுதான் வரிசை.

"ஊல்மென்பாக், 28 நவம்பர் 1923. கையேடு, பக்கம் 412. 'அன்று அஞ்சலகம் அடைத்திருந்தது.' முடிஞ்சுது."

"முன்கதவு அடைச்சிருந்துச்சுங்க" என்றார் ஹாகெடோர்ன். "தலைக்கெல்லாம் மேல போட்டிருக்கிற மாதிரி நாலு மடங்கு மதிப்புன்னு ரெண்டு நாள் முன்னாடி தந்தி வந்துச்சு. அது நிஜமான்னு கேட்க போஸ்ட்மாஸ்டர் ஜில்லா ஆபீசுக்கு வண்டி கட்டிட்டாரு. நான் பின்பக்க ஜன்னல்ல வேலை பார்த்தேன்."

"ஜன்னல் பத்திக் கையேட்டுல இல்ல."

"ஜன்னல் இன்னும் இருக்குங்க. வந்து பாருங்களேன்."

"ஜன்னல் இருக்கிறது கட்டடம் சம்பந்தப்பட்ட விஷயம். நாங்க தபால்தலை பார்க்கிறவங்க."

"கையேட்டை எழுதினது யாருங்க?"

"நான்தான்."

"நீங்க அப்ப ஊல்மென்பாக்ல இருந்தீங்களா?"

"நான் அப்பப் பிறக்கவேயில்ல" என்றார் கிளாம்ரோத், கொஞ்சமும் கூசாமல். "அதனாலதான் நடுநிலையா எழுத முடிஞ்சுது. சம்பவத்துல இருந்தவங்களை நம்ப முடியாது. அவங்களுக்கு ஏற்கெனவே ஓர் அபிப்பிராயம் இருக்கும்."

உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள். பிறகுதான் பூதக்கண்ணாடி வந்தது. இருபது முத்திரையையும் நிதானமாகப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. தவறு கண்டுபிடிக்கும்போது மட்டும் மலர்கிற முகம் அது.

"ரொம்ப சுத்தமா இருக்கு. ஒண்ணுகூட இழுபடல. ஒண்ணுகூட எழுத்து மேல படல. நண்பர்களே, அந்த நவம்பர்ல குமாஸ்தாக்கள் எப்படி வேலை பார்த்தாங்க? சாக்கு சாக்கா கடிதம், ஒவ்வொண்ணுலயும் முப்பது நாப்பது தலை. சுத்தியலால ஆணி அடிக்கிற மாதிரி அடிச்சுத் தள்ளினாங்க. அசல் முத்திரை அசிங்கமாத்தான் இருக்கும். இவ்வளவு அக்கறையா யாரு அடிப்பா? அக்கறை இருந்தாலே அது போலிதான்."

ஹாகெடோர்ன் எழுந்து நின்றார். காது வரை சிவந்திருந்தது.

"அவ பார்த்துக்கிட்டு நின்னாளுங்க" என்றார்.

"யாரு?"

"லீஸ்பெத். அவ அப்பா தெருவுல நின்னுக்கிட்டிருந்தாரு. என்கூடப் பேசக் கூடாதுன்னு உத்தரவு. பேசினா அவருக்குக் கேட்கும், ஸ்டாம்பு வாங்கினா என்ன கேட்கும்? கவருல என் பேரையே எழுதி என்கிட்டயே நீட்டினா. இருபது தலை ஒட்டினேன், ஒவ்வொண்ணா சீல் அடிச்சேன். அவ எழுத்து மேல படக் கூடாதுன்னு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு அடிச்சேன். அப்புறம் விதிப்படி பையில போட்டு, விதிப்படி எடுத்து, விதிப்படி எனக்கே டெலிவரி பண்ணினேன்."

யாரும் கேட்காமலே உறைக்குள்ளிருந்த காகிதத்தைப் பிரித்துப் படித்தார்.

"'சரி. அப்பா என்ன சொன்னாலும் சரி. இன்னைக்கே சொல்லிடறேன், நாளைக்குத் தபால் செலவு என்ன ஆகுமோ.' என்னைக் கட்டிக்கிறியான்னு கேட்டதுக்கு இவ்வளவுதான் எழுதியிருந்தா."

பொருளாளர் மூக்கை உறிஞ்சினார். எனக்குக் குறிப்பேட்டில் எழுத்து மங்கித் தெரிந்தது.

"உள்ளடக்கம் தபால்தலை சார்ந்த பொருள் அல்ல" என்றார் டாக்டர் ப்ரோமல் மென்மையாக, ஊசி போடுவதற்கு முன்னால் பேசுகிற குரலில். "நோல் அம்மா, அதைக் குறிப்புல எழுத வேண்டாம்" என்று என்னிடம் சொன்னார்.

எழுதியதைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆனால் தலைவர் நல்ல மனிதர், வாய்ப்புக் கொடுக்காமல் யாருடைய பல்லையும் பிடுங்க மாட்டார். கிழவர் தன் கையை நிரூபிக்கட்டும் என்றார். கழகத்தின் வெள்ளிவிழா முத்திரையும் மை அட்டையும் வந்தன. ஒரு தாளில் கிளாம்ரோத் அளவுகோல் வைத்து இருபது கட்டம் போட்டார்.

ஹாகெடோர்னின் கை காபிக் கோப்பையைப் பிடித்தாலே நடுங்கும். முத்திரைக் கட்டையைப் பிடித்ததும் நடுக்கம் நின்றுவிட்டது. மை, தாள். மை, தாள். ஓசை ஒரே சீராக விழுந்தது, முன்னறையில் சீட்டாடுகிறவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். இருபது கட்டத்தில் இருபது முத்திரை. ஒவ்வொன்றும் இடப்பக்கம் ஒரு நூல் சாய்வு. உறையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அதே சாய்வு. அறுபது வருடத்தில் ஒரு நூல் மாறவில்லை.

எல்லோரும் கைதட்டினார்கள். கிழவர் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "மியூசியத்துல செவ்வாக்கிழமை திறந்திருக்கும்" என்று என் பக்கம் திரும்பிச் சொன்னார்.

கிளாம்ரோத் தொண்டையைக் கனைத்தார்.

"உறையில அடிச்ச கை இவரோடதுதான். சந்தேகமே இல்ல. இதே கையால இன்னைக்கும் அப்படியே அடிக்க முடியுதுன்னு இப்ப நம்ம கண்ணு முன்னாடியே காட்டிட்டாரு. இன்னைக்கு முடியும்னா நேத்தும் முடியும், போன வருஷமும் முடியும். பெரியவரே, கை உங்களோடதுன்னு நிரூபிச்சீங்க. தேதி உங்களோடதுன்னு நிரூபிக்கல. முப்பது வருஷமா போலி பார்க்கிறேன். போலி பண்ணினவரே நேர்ல வந்து செய்முறை காட்டினது இதுதான் முதல் தடவை. அவருக்கு நாம நன்றி சொல்லணும்."

நன்றி சொன்னார்கள். ஒருமனதாக.

பிறகு வாக்கெடுப்பு. போலி என்று ஏழு கை உயர்ந்தது. ஹாகெடோர்ன் தயங்கித் தயங்கித் தன் கையை எதிராகத் தூக்கினார். சொந்த விஷயத்தில் உறுப்பினர் வாக்களிக்கக் கூடாது என்று விதி பதினொன்று படித்துக் காட்டப்பட்டது. எனக்கு வாக்கு கிடையாது. இருந்திருந்தால் தூக்கியிருப்பேனா என்று இப்போது சவடாலாகச் சொல்லலாம். அன்றைக்கு நான் பேனாவைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"சரிங்க" என்றார் கிழவர். "சர்டிபிகேட் வேண்டாம். கவரைக் குடுங்க, நான் கிளம்பறேன்."

"விதி பதினாலு" என்றார் தலைவர். "போலின்னு தீர்ப்பான உறை கழகத்துப் போலிப் பெட்டகத்துல வைக்கப்படணும். அதுக்கு முன்னாடி ஒவ்வொரு தலை மேலயும் அழியாத மையில 'போலி'ன்னு முத்திரை. வருங்காலத் தலைமுறை ஏமாந்திடக் கூடாது பாருங்க."

"வருங்காலத்துல எனக்கு யாருங்க இருக்கா?"

"பொதுவாச் சொன்னேன்."

கிளாம்ரோத் கட்டையை எடுத்தார். மையில் அமுக்கினார். உறையைப் பின்பக்கம் திருப்பி, வரி நோட்டீசில் அடிக்கிற மாதிரி ஓங்கி ஒன்று போட்டார். அது பாதி தலை மேலும் பாதி வெளியிலும் விழுந்தது.

"ஐயோ, பேரு மேல!" என்றார் ஹாகெடோர்ன்.

கிளாம்ரோத் இரண்டாவதுக்குக் கையை ஓங்கிவிட்டார். கிழவர் மேசையைச் சுற்றி வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவு வேகம் அந்தக் காலில் எங்கிருந்து வந்ததோ.

"அடிச்சுத்தான் தீரணுமா?"

"விதி" என்றார் தலைவர்.

"அப்பக் குடுங்க இங்க. உங்க கைக்கு ஆகாது. நான் அடிக்கிறேன்."

மறுப்பதற்கு விதி ஏதும் இருக்கிறதா என்று தேடினார்கள். இல்லை. கொடுத்துவிட்டார்கள். கிழவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். உறையைத் தன் பக்கம் நேராக்கினார். மூச்சைப் பிடித்துக்கொண்டார். மை, தாள். மை, தாள். பத்தொன்பது.

"அருமையான வேலை" என்றார் டாக்டர் ப்ரோமல் உண்மையான மகிழ்ச்சியோடு. "இவ்வளவு தெளிவான போலி முத்திரை நம்ம பெட்டகத்துலயே இல்ல. நோல் அம்மா, அதைக் குறிப்புல எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டேன். உள்ளிருந்த காகிதத்தைத் தபால்தலை சாராத பொருள் என்று ரசீது போட்டு அவரிடமே திருப்பிக் கொடுத்தார்கள். மிச்சக் கேக்கை ஒரு தாளில் சுற்றிக் கொடுத்தேன். வாசலில் என்னிடம் கேட்டார்.

"அந்தப் பெட்டகத்தை யாராவது திறந்து பார்ப்பாங்களாம்மா?"

"பார்ப்பாங்க" என்றேன். பொய். அந்தக் கட்டடத்தில் அன்றைக்குச் சொல்லப்பட்ட ஒரே போலி அதுதான்.

பிப்ரவரியில் ஒரு காலையில் இறந்துபோனார். செய்தி தெரிந்து நான் முதியோர் இல்லத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டபோது மணி இரண்டு. அறையில் ஏதாவது காகிதம் இருந்ததா என்று கேட்டேன். "எல்லாம் எடுத்தாச்சுங்க, புது ஆள் வந்திட்டாரு" என்றாள் அந்தப் பெண்.

கையேட்டின் அடுத்த பதிப்பில் பக்கம் 412இல் ஒரு பத்தி சேர்ந்தது. 'ஊல்மென்பாக் போலி: மிக உயர்ந்த தரம். ஒரே பிரதி, கழகத்தின் வசம்.' அதைக் கண்டுபிடித்ததற்காகக் கிளாம்ரோத்தின் கோட்டில் கழகத்தின் தங்கப் பதக்க ஊசியைக் குத்தினார்கள். இப்போது அந்தப் பத்தியைப் பார்த்துக் காப்பியடித்த உறைகள் சந்தைக்கு வரத் தொடங்கியிருக்கின்றன. கிளாம்ரோத் அவற்றைப் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு "இது அசல் ஊல்மென்பாக் போலி இல்ல, சும்மா போலி" என்று தள்ளிவிடுகிறார்.

பெட்டகத்தைத் திறக்க மூன்று பேருக்கு அனுமதி. தலைவருக்கும் தலைமைப் பரிசோதகருக்கும் திறக்க வேண்டிய அவசியம் வந்ததில்லை. மூன்றாவது நான், தூசி தட்ட. போன வாரமும் எடுத்துப் பார்த்தேன். முன்னும் பின்னுமாக நாற்பது முத்திரைகள். இருபது 1923இல் அடித்தவை, இருபது 1983இல் அடித்தவை. அவற்றில் முப்பத்தொன்பது இடப்பக்கம் ஒரு நூல் சாய்ந்திருக்கின்றன, ஒன்றுகூட அவள் எழுத்தின் மேல் படவில்லை. மிச்சமுள்ள ஒன்று லீஸ்பெத் என்ற பெயரின் முதலெழுத்தின் மேல் விழுந்திருக்கிறது. அது கிளாம்ரோத் அடித்தது.